உப்பு ஒட்டிய அட்டை

பாவா,

இன்று காலை சின்னப் பேத்தி அந்த உப்பு அட்டையை எடுத்து நக்கிவிட்டாள். நீங்கள் பசை தடவி ஒட்டிய உப்பு எப்போதோ ஒரு மழைக்காலத்தில் கரைந்து போனது. இப்போது அட்டையில் வெள்ளையாக ஒரு கறைதான் இருக்கிறது. அதிலும் கொஞ்சம் கரிப்பு மிச்சம் இருக்கும்போல. முகத்தைச் சுளித்துக்கொண்டு "உப்பு" என்றாள். தமிழில் சொன்னாளா, தெலுங்கில் சொன்னாளா, இரண்டிலும் உப்புதான், யாராலும் சொல்ல முடியாது. உடனே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு எழுதத் தெரியாது என்பது நீங்கள் அறிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல உங்கள் மகள் பத்மா எழுதுகிறாள். பெரியவள் தேஜு பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, அங்க பெரிய ற" என்று அதட்டுகிறாள். எல்லைக்கு அந்தப் பக்கம் உங்கள் நகரியில் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு என் மகன் குமாருக்கு வாழ்க்கைப்பட்டுத் திருத்தணிக்கு வந்தபோது, பத்மாவுக்குத் தமிழில் ஒரு கடைப் பெயர்கூடப் படிக்க வராது. அந்த விஷயத்தில் வீட்டில் எனக்குத் துணை அவள்தான். இப்போது நான் யோசிக்க நிறுத்தினால், "சொல்லுங்க மாமா, கை சும்மா இருக்குது" என்கிறாள்.

தேஜு பேச்சை நிறுத்திய அந்த வருஷத்தை நினைத்துப் பார்க்கிறேன். நர்சரியில் சேர்த்த புதிதில் வீட்டுக்கு வந்தால் வாய் மூடமாட்டாள். பாதி நம் வீட்டுத் தமிழ், பாதி அவள் அம்மாவின் தெலுங்கு. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். "வீட்ல தெலுங்க நிறுத்துங்க, குழந்த கொழம்புது" என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். பத்மா நிறுத்திப் பார்த்தாள். தெலுங்கு நின்றது. கூடவே குழந்தையின் பேச்சும் நின்றது. தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் குடத்தைக் கைகாட்டினாள்.

அப்போதுதான் பத்மா சொன்னாள், "ஒண்ணாங் கிளாஸ் வரைக்கும் நானே வூட்ல சொல்லித் தரேன்." குமார் ஒத்துக்கொண்டான், ஆனால் கெடு வைத்தான். "ஆடிக் கிருத்திகை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள எழுத்துக் கூட்டிப் படிக்கலன்னா ஸ்கூலு. அப்புறம் இந்த வூட்ல தெலுங்கே இருக்கக் கூடாது." பத்மா உங்களுக்குப் போன் போட்டாள். அடுத்த பஸ்ஸில் நீங்கள் வந்து இறங்கினீர்கள்.

அரக்கோணத்து ரயில்வே வேலையும் கையில் போனுமாக இருந்த குமார் தன் பங்குக்கு ஒரு பெரிய பெட்டியை வரவழைத்திருந்தான். பளபளவென்று புத்தகங்கள், கலர் அட்டைகள், வர்ணம் பூசிய மரத்துண்டுகள், எந்த நாளில் எதைச் சொல்லித் தர வேண்டும் என்று அம்மாவுக்கு இங்கிலீஷில் தடியாக ஒரு புத்தகம். நீங்களும் நானும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம்.

"இது இன்னா பாவா, கவுத்து வச்ச இட்லியா?" என்றீர்கள்.

"ஐஸ்கட்டியில கட்டுன வூடு அது" என்றான் குமார். "இக்லூன்னு பேரு."

"திருத்தணி வெயில்ல எத்தினி நேரம் நிக்கும்?"

குமாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியில் இருந்தது எல்லாம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். மரத்துண்டுகளை தேஜு கீழே வைக்கவே இல்லை. அதைப் பார்த்து நீங்கள் பத்மாவிடம் சொன்னீர்கள்: "அவ கை எங்க போவுதோ, அத்த வெளிய வை. போவாதத்த பரண்ல போடு. தூக்கிப் போட்டுடாத, நாளைக்குப் போவும்." இன்றைக்கும் இந்த வீட்டில் புதிதாக எது வந்தாலும் அந்தக் கணக்குத்தான். இங்கிலீஷ் தடிப் புத்தகம் மட்டும் இன்னும் பரணில் இருக்கிறது.

கடைத்தெருவில் நான் வாங்கி வந்த அ, ஆ படத்தாளில்தான் சங்கதியே வெளிப்பட்டது. 'ஆ' எழுத்துக்கு நேராக ஆட்டைக் காட்டி, "இது என்ன, சொல்லு" என்றாள் பத்மா. வாய் திறக்காத குழந்தை மெதுவாக "மேக" என்றது. ஆட்டுக்குத் தெலுங்கில் மேக. இலையைக் காட்டினால் "ஆக்கு". நிறுத்திய தெலுங்கு பிள்ளைக்குள்ளேயே இருந்தது தெரிந்து பத்மாவின் கண் கலங்கிவிட்டது. எலியைக் காட்டியபோது "எலுக" என்றாள்.

"எலி, எலுக. ரெண்டும் ஒரே எழுத்துலதான ஆரம்பிக்குது, பாவா?" என்று கேட்டேன். படிக்கத் தெரியாதவனுக்குக் காதுதானே எழுத்து.

நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. தறி நெய்கிறவர் நீங்கள், புத்தி உடனே தறிக்குப் போய்விட்டது. "கடையில விக்கிறதெல்லாம் குறுக்க ஓட்ற ஊடை பாவா. எத்தினி கலர் வேணாலும் கெடைக்கும். நீளமா இழுத்துக் கட்ற பாவு வூட்லதான் இருக்குது. நம்ம வூட்ல அது ரெண்டு நூலு."

அப்புறம் நாம் இரண்டு கிழவர்களும் செய்த வேலையை ஊர் பார்த்திருந்தால் சிரித்திருக்கும். இரண்டு பாஷையிலும் ஒரே எழுத்தில் ஆரம்பிக்கிற சொல்லைத் தேடினோம். கரும்பு வண்டி ஓட்டி எல்லைக்கு இரண்டு பக்கமும் பேசித் திரிந்தவன் நான். சொல் எடுத்துக் கொடுப்பது என் வேலை. லுங்கி மடிப்புக்குள் வைக்கிற அட்டையில் படம் போட்டு, பின்பக்கம் தெலுங்கில் எழுதுவது உங்கள் வேலை. முன்பக்கம் தமிழில் குமார் எழுதிக் கொடுக்க, பத்மா அதைப் பார்த்துப் பழகினாள். ஈ என்றாலும் ஈக என்றாலும் ஒரே ஈ. ஊஞ்சல், ஊயல. ஏழு, ஏடு. இட்லிக்கு நீங்கள் தனியாகப் படம் போடவில்லை. குமாரின் இக்லூவை வெட்டி ஒட்டி, அடியில் ஒரு வாழையிலை வரைந்தீர்கள். சட்னியும் வைத்தீர்கள். உப்பை எப்படி வரைவது என்று தெரியாமல் உப்பையே ஒட்டினீர்கள்.

'ஔ' எழுத்தில் மாட்டிக்கொண்டோம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உங்களிடம் 'ஔனு' இருந்தது. ஆமாம் என்பதற்குத் தெலுங்கில் அப்படித்தான் சொல்வீர்கள்.

"அது தமிழ்ல இல்லியே பாவா. நாங்க ஆங் சொல்லுவோம்."

"பொண்ணயே குடுத்தோம் பாவா. ஒரு எழுத்த எங்களுக்கு வுட்டுக் குடுங்க."

விட்டுக் கொடுத்தேன். படமாகத் தலையாட்டுகிற கிழவன் ஒருவனைப் போட்டீர்கள். மூக்கு என் மூக்கு. தேஜு அதைப் பார்த்து, ரொம்ப நாளைக்கப்புறம் சத்தமாகச் சிரித்தாள். அதிலிருந்து எதைக் கேட்டாலும் ஔனுதான். சாப்பிடறியா, ஔனு. அடி வேணுமா, ஔனு.

க வரிசைக்கும் மற்றதுக்கும் அதே மாதிரி அட்டைகள் சேர்ந்தன. வாரத்துக்கொரு தடவை பையில் போட்டு எடுத்து வருவீர்கள். தறிக் கஞ்சி வாசனை அடிக்கும். பத்மா ராத்திரி தான் படித்துக்கொண்டு, காலையில் பிள்ளைக்குச் சொன்னாள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. நீங்கள் வருவீர்கள் என்று பஸ் நிலையத்தில் நின்றோம், நானும் குமாரும் தேஜுவும். காவடிக் கூட்டம், அரோகரா சத்தம், இரண்டு மாநிலத்து பஸ்களும் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. எனக்கு எப்போதும் யாரையாவது கேட்டால்தான் பஸ் தெரியும். பழக்கத்தில் குமாரைக் கேட்டேன். ஆந்திரா பஸ் ஒன்று வளைந்தது, போர்டு முழுக்கத் தெலுங்கு. "எனக்கெங்க தெரியும்?" என்றான்.

தேஜு அவன் விரலைப் பிடித்தபடியே அண்ணாந்து பார்த்தாள். "ந... க... ரி" என்றாள். "அப்பா, தாத்தா பஸ்."

குமார் பக்கத்தில் நின்ற நம்ம தமிழ்நாட்டு பஸ்ஸைக் காட்டி, "அதுல?" என்றான்.

"ப... பள்... பள்ளிப்பட்டு."

நீங்கள் பையோடு இறங்கினீர்கள். குமார் போய் அந்தப் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். "மாமா, எனக்கும் அந்த அட்டைங்கள குடுங்க, பின்பக்கத்தப் படிக்கணும்" என்றான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் மலையைப் பார்த்துக்கொண்டேன். என் கண்ணில் விபூதி விழுந்ததாகச் சொன்னேன், நீங்களும் நம்பினதாகக் காட்டிக்கொண்டீர்கள்.

அப்புறம் இந்த வீட்டில் எந்தப் பாஷையை நிறுத்துவது என்ற பேச்சே எழவில்லை. தேஜு ஒன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தபோது, புதிதாக வந்த தெலுங்குப் பிள்ளைக்கு டீச்சர் சொல்வதை அவள்தான் எடுத்துச் சொன்னாளாம். அதை உங்களிடம் சொன்னேன். படுக்கையில் இருந்தீர்கள். "நல்ல பாவு, அறாது" என்றீர்கள். என் காதில் விழுந்த உங்கள் கடைசிப் பேச்சு அது.

அட்டைகள் இப்போது சின்னவளுக்கு இறங்கிவிட்டன. இட்லியில் சட்னி கொஞ்சம் உரிந்திருக்கிறது. குமார் இரண்டு பக்கமும் படித்துக் காட்டுகிறான். பத்மா இன்னும் நிறைய புத்தகங்கள் வாங்குகிறாள், கை போகிறதா என்று பார்த்தே வாங்குகிறாள். உங்கள் மகள் என்று நான் தெருவில் யாரிடமும் சொல்வதில்லை பாவா. என் மகள் என்று சொல்லிக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு எழுத்தை நான் விட்டுக் கொடுத்திருக்கிறேன்.

எழுதி முடித்ததைப் பத்மா முழுக்கப் படித்துக் காட்டினாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"நான் எழுதுனது சரியா இருக்குதா மாமா?"

"ஔனு" என்றேன்.