தக்காளித் தோட்டத்தில் தண்ணீர் குடிப்பது

அண்ணி,

இன்று காலை நல்லம்பள்ளிப் பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில், என்னோடு காய் பறிக்கும் செல்வியின் மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் விழுந்தது. கையில் எடுத்ததும் பிரிக்காமலே தெரிந்துவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் உடம்பு வலிக்குப் பேர் சொல்லாமல் மடித்துத் தருகிற செட்டு மாத்திரை. உங்கள் நினைவு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

உங்களுக்கும் அதுதானே காலைப் பலகாரம். வெறும் வயிற்றில் ஒரு டீ, ஒரு செட்டு. பிறகு பொழுது சாயும்வரை குனிந்த முதுகு நிமிராது. தண்ணீரை மட்டும் தொடமாட்டீர்கள். கூடை தூக்குகிற ஆண்கள் சுற்றிலும் நிற்க, நாம் ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. அதனால் வேலைக்குக் கிளம்பும்போதே தொண்டையைப் பூட்டிக்கொள்வது நம் எல்லாருக்கும் பழக்கம். அதைச் சாமர்த்தியம் என்று வேறு நினைத்திருந்தோம்.

அந்தச் சித்திரை வெயிலில் வயிற்றுப்போக்கோடு வேலைக்கு வந்தீர்கள். "தண்ணி குடிச்சா இன்னும் போவும்டி" என்று சொல்லிவிட்டு, வலிக்கு இன்னொரு செட்டு விழுங்கினீர்கள். தர்மபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது சிறுநீர் நின்றே போயிருந்தது. ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மெஷின் வைத்தும் உங்களைப் பிழைக்கவைக்க முடியவில்லை. டாக்டரம்மா அண்ணனிடம் பொறுமையாகத்தான் சொன்னார்: "உடம்புல தண்ணி வத்துனா கிட்னிக்குப் போற ரத்தம் கொறைஞ்சிடுங்க. அப்ப வலி மாத்திரை போட்டா வர்ற கொஞ்ச ரத்தமும் போவாது. ரத்தம் இல்லாம கிட்னி எத்தன நேரம் தாங்கும்?" அண்ணன் இன்றைக்கும் தக்காளி மண்டிப் பக்கம் போவதில்லை.

செல்விக்கும் இன்று விடிந்ததிலிருந்து வாந்தி பேதி. "குடுக்கா, இடுப்பு ஒடையுது" என்று கை நீட்டினாள்.

"தரமாட்டேன். மொதல்ல இதக் குடி." உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை நீட்டினேன்.

"குடிச்சா எங்க போறது?"

அவள் கேட்டதில் என்ன தப்பு? தோட்டக்காரரிடம் போனேன். "ஏங்க, நாலு குச்சி நட்டுத் தார்ப்பாய் கட்டுங்க. அதுவரைக்கும் ஒருத்தியும் காய் பறிக்கமாட்டா."

"வண்டி நிக்குதும்மா!"

"நிக்கட்டுங்க."

சொல்லிவிட்டேனே தவிர, பின்னால் யார் வருவார்கள் என்று தெரியாது. ஒருத்தி கூடையைக் கவிழ்த்துப் போட்டு வரப்பில் உட்கார்ந்தாள். பிறகு எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவர் முணுமுணுத்தார், போன் பேசினார், கடைசியில் வண்டியின் மேல் கிடந்த தார்ப்பாயையே அவிழ்த்துக் கொடுத்தார். எங்கள் கண்முன்னால் மறைப்பு எழுந்தது. செல்வி ஒரு சொம்பை முழுசாகக் குடித்த பிறகுதான் அவளை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

மாலையில் அவளே போன் செய்தாள். "குளுக்கோஸ் ஏத்துனாங்கக்கா. ஒண்ணுக்கு நல்லாப் போச்சு." இதைக் கேட்டு நடுரோட்டில் நின்று அழுதவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நாளைக்கு அடுத்த தோட்டம். அங்கேயும் கேட்பேன். திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்கினாலும் சரி. நீங்கள் கல்யாணமாகி நம் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து, நீங்கள் சொன்ன எதையும் நான் தட்டியதில்லை. பசித்து வந்தவரை அனுப்பாதே என்றீர்கள், அனுப்புவதில்லை. அண்ணனைத் தனியாகச் சாப்பிட விடாதே என்றீர்கள், விடுவதில்லை. "பொம்பளைன்னா அடக்கிக்கத் தெரியணும்டி" என்றீர்களே, அதை மட்டும் கேட்கமாட்டேன், அண்ணி.