நசுங்காத எலுமிச்சம்பழம்

தமயந்தி,

நீ வடலூரிலிருந்து வருவதற்குள் எனக்கு ஷிப்ட் பஸ் வந்துவிடும். அதனால் எழுதி வைக்கிறேன். சோறு வடித்து மூடியிருக்கிறேன், கொஞ்சம் குழைந்துவிட்டது. ரசத்தைச் சுட வைத்துக்கொள்.

சாயங்காலம் லாரி ஓனர் வைத்திலிங்கம் மறுபடி வருகிறாராம். வீடு மாற்றிய அன்று மந்தாரக்குப்பத்தில் லாரி கேட் தூணில் இடித்துப் பின்கதவு உடைந்ததற்கு நாம்தான் பொறுப்பாம். இன்னும் அதே பாட்டு. "சக்கரத்தடியில வெச்ச எலுமிச்சம்பழம் நசுங்கலன்னு ஒங்க வூட்டம்மா சொன்னதாலதான டிரைவரு வண்டிய பின்னால எடுத்தாரு?" என்கிறார். பின்னால் நின்று பார்த்துச் சொல்ல வேண்டிய கிளீனர் மூட்டை மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். அதை மட்டும் சொல், வேறு எதற்கும் வாயைத் திறக்காதே. எனக்கும் பேசிப் பேசி அலுத்துவிட்டது.

அவர் எதிரில் நான், "ஆமாங்க, இவதான் சொன்னா" என்றதிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. காலையில் லாரி நிற்கும் இடத்துக்கே போய், பின்னால் எடுக்கச் சொன்னது நான்தான் என்று மாற்றிச் சொல்லிவிட்டு வந்தேன். நம்பினாரோ என்னவோ. யார் சொன்னது என்று அவராகக் கேட்டால் மட்டும் நீயும் அப்படியே சொல்லிவிடு.

பெட்டிச் சாவி உப்பு ஜாடிக்குப் பின்னால் இருக்கிறது.

மருதாசலம்

இன்னொன்று. பாத்திர மூட்டையைப் பிரித்தேன், அந்த எலுமிச்சம்பழம் உள்ளே கிடக்கிறது. யார் எடுத்துப் போட்டார்களோ. வைத்திலிங்கம் கண்ணில் படாமல் வை. ராத்திரி வந்ததும் வாசலில் வைத்து நானே மிதிக்கிறேன். நசுங்கியதா இல்லையா என்று நீதான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.