மண்மேட்டில் ராசம்மாவுக்கு என்ன வேலை

2024 பெப்ரவரி 9
பூண்டுலோயா மாப்பிள்ளை வீட்டார் கல்யாணப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. லோஜினி சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். என் மகளுக்கு என்ன குறை? விஷயம் தெரிந்த வெளியாள், லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற ராசம்மா அக்கா ஒருவர்தான்.

பெப்ரவரி 12
கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வந்தேன். எங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டின் முன்னே ராசம்மா அக்கா நிற்கிறார். தேயிலைச் செடி மேல் மட்டம் பார்க்கிற கம்பை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார். வாய் ஏதோ முணுமுணுக்கிறது. என்னைக் கண்டதும் கம்பு இறங்கிவிட்டது.
"என்னக்கா?"
"சும்மாதான்."
சும்மா யாராவது மண்மேட்டைப் பார்த்து முணுமுணுப்பார்களா?

பெப்ரவரி 13
இன்றும்.

பெப்ரவரி 17
ராசம்மா இல்லாத நேரம் போய்ப் பார்த்தேன். மேடு முழுக்க விரல் நுழைகிற ஓட்டைகள். வயிற்றில் நீலக்கோடு போட்ட தேனீக்கள் போய் வருகின்றன. அவை வருஷா வருஷம் வருபவை, என் தக்காளிப் பூவில் ரீங்கரிப்பவை. புதிதாக ஒன்று — கறுப்பு, உடம்பெல்லாம் நீலப்புள்ளி. ஒரு ஓட்டைக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. கோடு போட்டது வெளியே போனதும் நைசாக உள்ளே போனது.
லோஜினி கல்யாணம் நிற்கச் செய்வினைத் தகடு ஏதும் புதைத்திருக்கிறாளோ? அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

பெப்ரவரி 18
மண்வெட்டியால் மேட்டை வெட்டிவிட்டேன். தகடு இல்லை. ஒன்றுமே இல்லை. சின்னச் சின்ன மண் அறைகள், உள்ளே மஞ்சள் மாவு, வெள்ளைப் புழு. தேனீக்கள் திரும்பி வந்து, ஓட்டை இருந்த இடத்தையே சுற்றின.
ராசம்மா அக்கா வந்து பார்த்தார்.
"என்னத்தத் தேடுன மீனம்மா? தகடா?"
மண்வெட்டியைக் கீழே போட்டேன்.
"அந்தப் புள்ளி போட்டது சொந்தமா வளை தோண்டாது. கோடு போட்டது வெளிய போற நேரம் பாத்து, உள்ள பூந்து முட்டை வச்சிரும். அதோட புழு இது சேத்த தீனியத் தின்னுரும். அதத்தான் வஞ்சு வெரட்டுனேன். ஒன் தோட்டத்துக்குந்தானே இதுங்க வருது."
திட்டவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஐயோ, நான் என்ன செஞ்சுபுட்டேன்.

பெப்ரவரி 26
அந்த மாப்பிள்ளைக்கு நுவரெலியாவில் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாளாம். லோஜினி தப்பித்தாள். இதை முதலில் அக்காவிடம்தான் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 2
தேனீ வரவில்லை. தக்காளிப் பூ காய் பிடிக்காமல் உதிர்கிறது. எனக்கும், ராசம்மா அக்காவுக்கும். தண்ணீர் பிடிக்கிற பீலியில் என்னைக் கண்டால் அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்.

2025 பெப்ரவரி 14
மேட்டில் நாலைந்து ஓட்டை. கோடு போட்டவை வந்துவிட்டன. பகலில் கம்போடு போய் நின்றேன். புள்ளி ஒன்று வந்து உட்கார்ந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி விரட்டினேன். கடைசிக் காம்பராவுக்குப் புதிதாகக் குடிவந்த பிரேமினி பார்த்துக்கொண்டு நின்றாள்.
"என்னக்கா பண்றீங்க?"
"சும்மாதான்."
பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.
எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். ராசம்மா அக்கா, கையில் அவருடைய கம்பு.
"கொஞ்சம் தாழப் புடி" என்றார். "கோடு போட்டது பயந்துரும்."