பத்து மீட்டரில் ஒரு கோடு

1 ஜூன் 2025, ஞாயிறு

முப்பது மீட்டரில் ஒன்பது அம்பு விட்டேன், எட்டு நடுவட்டத்து மஞ்சளில். பத்து மீட்டருக்கு வந்து அதே ஒன்பதை விட்டேன், ஆறு அம்பு தாள் ஒட்டிய வைக்கோல் கட்டின் தலைக்கு மேலே பறந்துவிட்டது. ஒன்று பின்னாலிருந்த மாமரத்தில் குத்தி நின்றது. என்ன கண்றாவி இது? எட்ட இருப்பதை அடிக்கிறவளால் கிட்ட இருப்பதை அடிக்க முடியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

"மேடம், மாங்கா பறிக்க வந்தீங்களா?" என்றார் திருநாவுக்கரசு சார். பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். திருக்கழுக்குன்றம் ரோட்டில் இருக்கும் தன் தோப்பில் ஞாயிறுதோறும் எங்கள் பத்துப் பேருக்கு வில் பழக இடம் கொடுக்கிறார். மூங்கில் வில் மட்டும்தான். குறி பார்க்க வில்லில் கம்பி, லென்ஸ் எதுவும் பொருத்தக் கூடாது. நல்ல மனுஷன், ஆனால் வாய் சும்மா இருக்காது. நாற்பத்திரண்டு வயதில் எனக்கு இந்தக் கேலி தேவையா?

ஆகஸ்ட் பத்தாம் தேதி செங்கல்பட்டில் மாவட்டப் போட்டி. எல்லாமே பத்து மீட்டர். பெண்களில் முதலாவதாக வருகிற ஒருத்திக்குத்தான் மாநிலப் போட்டி. ஒருத்திக்கு மட்டும்.

8 ஜூன், ஞாயிறு

வெட்கத்தை விட்டு வேண்டாக்காவிடம் கேட்டேன். கொக்கிலமேட்டுக்காரி, மீன் விற்கிறவள், என்னைவிட மூன்று வயது பெரியவள். நாலாவதும் பெண்ணாய்ப் பிறந்ததால் வீட்டில் வைத்த பெயர். அதைச் சொல்லி அவளே சிரிப்பாள். சார் வீட்டுக்கு மீன் கொடுக்க வந்தவள், மூன்று வருஷத்துக்கு முன் விளையாட்டாக வில்லை எடுத்தாள். இன்றைக்குப் பத்து மீட்டரில் அவளை அடிக்க இந்தத் தோப்பில் ஆள் இல்லை. தடைக்காலம் இன்னும் முடியவில்லை, மீன் வரத்து குறைவு, அதனால் சாவகாசமாகச் சொல்லிக் கொடுத்தாள்.

"நீ அம்பு மொனைய மஞ்சள்ல வெக்கிற. தூரத்துல அது சரி, அம்பு போவும்போதே எறங்கிடும். கிட்டக்க அது எறங்கறதுக்கு ஏது எடம்? மேலதான் போவும். மொனைய கீழ வெய்யி."

"எவ்ளோ கீழக்கா?"

"அந்த ஸ்டாண்டு காலு கீதே, அங்க. மொனை கால்ல, கண்ணு மஞ்சள்ல."

இரண்டு அம்பு போயிற்று. பரவாயில்லை, கட்டிலாவது பட்டது. பிறகு அவள் கூடைக்குள் கைவிட்டு ஒரு மீன் செதிலை எடுத்து வந்து, தாளின் நடுவில் எச்சில் தொட்டு ஒட்டினாள். "மஞ்சள முழுசாப் பாக்காத. இத்த மட்டும் பாரு. இன்னா பாக்குறியோ அங்கதான் கையி போவும்." வெயிலில் அது மினுக்கியது. மூன்றாவது அம்பு செதிலுக்கு ஒரு விரல் தள்ளி. நான் கத்திய கத்தலில் சார் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தார்.

ஒரு விஷயம். பத்து மீட்டரிலிருந்து செதிலைப் பார்க்கிறவளுக்குக் கட்டுக்குப் பக்கத்தில் போனால் கோடு தெரிவதில்லை. "கிட்ட வந்தா மசமசன்னு கீது. நீயே பாத்துச் சொல்லு." அம்பு கோட்டைத் தொட்டிருந்தால் உள்வட்டத்து எண். எண்ணைச் சொல்லும்வரை யாரும் அம்பைத் தொடக்கூடாது. பிடுங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. நான் எண்ணைச் சொல்வேன். அவள் தன் மூன்றோடு என் மூன்றையும் சேர்த்து ஆறையும் ஒரே பிடியாகப் பிடுங்கிக்கொண்டு வருவாள்.

கண்ணாடி வாங்கிக்கொள் என்றேன். "போட்டா கெழவின்னுடுவானுங்க மார்க்கெட்ல" என்கிறாள்.

29 ஜூன், ஞாயிறு

இன்று முழுக்க ஐந்தடி தூரத்தில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, தாளே இல்லாத வெறும் வைக்கோலில். இதுவும் வேண்டாக்காவின் யோசனை. அம்பு எங்கே போகிறது என்று பார்க்கிற அவசரத்தில் நாணை விடும்போது என் கை வெளியே பிய்த்துக்கொண்டு போகிறதாம். "பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னா கையி ஒழுங்கா இருக்கும்" என்றாள். நூறு அம்பு. விரல் எரிகிறது. ஆனால் கை அடங்கியிருக்கிறது, அது எனக்கே தெரிகிறது.

13 ஜூலை, ஞாயிறு

வேண்டாக்காவுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் விருந்தாளிகளுக்கு வில் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்களாம். மேனேஜர் அவளிடம் மீன் வாங்குகிறவர். மாநிலப் போட்டியில் கலந்துகொண்ட சர்டிபிகேட் ஒன்று இருந்தால் போதும், மேலே சொல்லி எடுத்துவிடுகிறேன் என்றிருக்கிறார். அவளுக்குக் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. தலையில் சுமை கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. அதற்காகக் கூடையைத் தூக்காமல் இருக்க முடியுமா?

"ஒக்காந்துக்கினு சம்பாரிக்கறது இன்னான்னு பாத்துட்றேன்" என்றாள்.

"நீதான்க்கா முதல்ல வருவ. வேற யாரு இருக்கா?" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

27 ஜூலை, ஞாயிறு

இருபது அம்பில் பதினேழு மஞ்சள்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று வேண்டாக்காவைவிட இரண்டு எண் அதிகம். அவள் கை தட்டினாள், சாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கு அது பிடித்தது. ரொம்பப் பிடித்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

முதலிடம். நான்.

முப்பது அம்பில் எனக்கு 262, வேண்டாக்காவுக்கு 261. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கட்டு, ஒரே தாள், ஒருவர் எண்ணை மற்றவர் சொல்லி எழுத வேண்டும். அவளுக்குத்தான் கண் தெரியாதே, இரண்டு பேருடையதையும் நானே சொன்னேன். கடைசிச் சுற்றுக்குப் புதுத் தாள் ஒட்டினார்கள். அவளுடைய கடைசி அம்பு பத்துக்கும் ஒன்பதுக்கும் நடுவிலிருக்கும் கோட்டோரம். பத்து என்றால் இரண்டு பேரும் சமம். சமமானால் பத்து அதிகம் எடுத்தவருக்கு முதலிடம். பத்துகள் அவளுக்கு அதிகம், அவள்தான் முதல்.

"இது இன்னாது துர்கா?" என்றாள், கண்ணைச் சுருக்கி.

"ஒம்போதுக்கா."

சந்தேகம் என்றால் கை தூக்கி நடுவரைக் கூப்பிடலாம். அவள் கூப்பிடவில்லை. "நீ சொன்னா சரி" என்று ஆறு அம்பையும் பிடுங்கிவிட்டாள். என் பெண் சங்கவி செல்போனில் படம் எடுத்துக்கொண்டு கத்துகிறாள், என் வீட்டுக்காரர் வேறு ஞாயிறு டூட்டிக்கு லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறார். வேண்டாக்கா என்னைக் கட்டிப்பிடித்து, "கெலிச்சிட்டடி" என்றாள்.

கோட்டுக்கு வெளியேதான் இருந்தது. கிட்டத்தட்ட.

11 ஆகஸ்ட், திங்கள்

பொத்தேரியில் எங்கள் கல்லூரி ஆபீஸ் முழுக்க அல்வா. பக்கத்து சீட்டு ஜெபா, "எவ்வளவு வித்தியாசத்துல ஜெயிச்சீங்க?" என்று கேட்டாள். ஒன்று என்றேன். "ஒண்ணுன்னாலும் ஒண்ணுதானே!" என்றாள்.

பதினான்கு வருஷமாக மார்க் பதிகிற செக்‌ஷன் எனக்கு. ஒரு பையனுடைய மார்க்கைக்கூடக் குறைத்துப் பதிந்ததில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே எத்தனை பேரை அதட்டியிருக்கிறேன்.

14 ஆகஸ்ட், வியாழன்

ஜெயித்தவர்களுக்குக் கடைசித் தாளைச் சுருட்டிக் கொடுப்பது வழக்கம். சங்கவி அதை ஹாலில் டிவிக்கு மேலே ஒட்டிவிட்டாள். காலையில் காபியோடு போய் நின்றேன். ஆறு ஓட்டை. இடது பக்கம் தனியாக இருப்பது வேண்டாக்காவின் கடைசி அம்பு. அந்த இடத்தில் கறுப்புக் கோடு அறுந்திருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன், பூதக்கண்ணாடி எல்லாம் வேண்டியதில்லை.

எழுதிவிடுகிறேன். இது எனக்கு இன்றைக்குத் தெரிந்த விஷயம் இல்லை. அம்பு நிற்கும்போதே பார்த்தேன். கோட்டின் மேல் நின்றது. பார்த்துவிட்டுத்தான் ஒன்பது என்றேன்.

ஏன்டி துர்கா சொன்ன? எவளோ ஒருத்திய ஏமாத்தியிருந்தாக்கூட மன்னிச்சுக்கலாம். கண்ணு தெரியல, பாத்துச் சொல்லுன்னு கேட்டவள!

தாளைப் பெயர்த்தெடுத்து பீரோவுக்கு அடியில் தள்ளினேன். சங்கவி கேட்டாள், பல்லி எச்சமிட்டுவிட்டது என்றேன். அதுவும் பொய்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

தோப்புக்குப் போகவில்லை. தலைவலி என்று சாருக்கு மெசேஜ் அனுப்பினேன்.

மத்தியானம் வேண்டாக்கா போன் செய்தாள். "இன்னா ஒடம்புக்கு? வெயில்ல நின்னுக்கினே இருந்தா வராதா? ரசம் வெச்சுக் குடி. துர்கா, மாநிலத்துல அவசரப்படாத, தெரியுதா? செதில நெனச்சிக்க." நான் ம், ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். "ரிசார்ட்டு?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன். "அது கெடக்குது, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள். சாயங்காலம் செங்கல்பட்டு பஸ்ஸில் வந்த யாரிடமோ எனக்கென்று கிழங்கான் மீன் கொடுத்துவிட்டிருக்கிறாள். கழுவி, ஆய்ந்து, மஞ்சள்கூடத் தடவி.

அவரும் சங்கவியும் சாப்பிட்டார்கள். நான் என் பங்கையும் அவர்கள் தட்டில் வைத்தேன்.

21 ஆகஸ்ட், வியாழன்

நாளைக்கு மாநிலப் போட்டிக்குப் பெயர்ப் பட்டியல் போகிறது. நான் வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த பெயர் வேண்டாக்காவுடையது. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை, கை வலி என்றால் போதும். சார் நம்பரைப் போட்டேன். மணி அடிக்கும் முன்பே துண்டித்தேன். மறுபடி போட்டேன். மறுபடி துண்டித்தேன். சங்கவி தன் கல்லூரி சிநேகிதிகளுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள், நான் போட்டிக்குப் போட்டுக்கொள்ளப் புதுச் சட்டைகூட வாங்கியாயிற்று.

சட்டையாம், சட்டை.

22 ஆகஸ்ட், வெள்ளி

பெயர் போய்விட்டது.

24 ஆகஸ்ட், ஞாயிறு

எல்லோரும் கிளம்பிய பிறகு சாரிடம் சொன்னேன். தாளையும் கொண்டு போய் விரித்தேன். இடது பக்க ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். கேலிக்காரர், இன்று ஒரு கேலியும் இல்லை.

"அம்பப் புடுங்கியாச்சு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. நம்பர் இனிமே மாறாதும்மா. ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க விலகியிருந்தா அவங்க பேரு போயிருக்கும்."

"இப்ப விலகறேன் சார்."

அங்கேயே யாருக்கோ போன் செய்தார். பேசிவிட்டு, தலையை ஆட்டினார். போன பெயருக்குப் பதில் வேறு பெயர் கிடையாதாம். "நீங்க போனாலும் போகாட்டியும், அவங்க போக முடியாது. ரெண்டு நாளைக்கு முன்னாடி சொல்றதுக்கு என்ன?"

என்ன? அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுத் திருக்கழுக்குன்றம் மார்க்கெட்டுக்குப் போனேன். வேண்டாக்கா என்னைப் பார்த்ததும், "வா வா, வவ்வாலு மீனு கீது பாரு, இப்பத்தான் வந்துச்சு" என்று பலகையை நகர்த்தி உட்கார இடம் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். கோட்டைத் தொட்டிருந்தது, பார்த்தேன், பார்த்தும் ஒன்பது என்றேன், சாரிடம் சொன்னேன், நாள் தாண்டிவிட்டது. எல்லாம் ஒரே மூச்சில்.

அவள் கையில் கத்தி அப்படியே நின்றது. கத்துவாள், நாலு பேர் முன்னால் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். திட்டினால் தேவலை என்றுகூட நினைத்திருந்தேன்.

"நான் இன்னா கேட்டேன் ஒன்ன?" என்றாள். "ஜெயிக்க வுடுன்னா கேட்டேன்? கிட்டக்க தெரில, பாத்துச் சொல்லுன்னுதானே கேட்டேன்?"

"அக்கா..."

"அன்னிக்குக் கட்டிப்புடிச்சேனே. அப்பக்கூட உன் வாய்ல வர்ல."

அதற்குள் ஒரு அம்மா வந்து சங்கரா மீன் என்ன விலை என்று கேட்டார். வேண்டாக்கா அவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். செவுளைத் தூக்கிக் காட்டினாள், பேரம் பேசினாள், ஆய்ந்து கொடுத்தாள். அந்த அம்மா போன பிறகும் என் பக்கம் திரும்பவில்லை. வெகுநேரம் நின்றுவிட்டு வந்தேன்.

7 செப்டம்பர், ஞாயிறு

இன்று மாநிலப் போட்டி. போகவில்லை. வீட்டில் இருவருக்கும் உண்மையைச் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போனார். சங்கவி அந்தப் புதுச் சட்டையை மடித்துத் திரும்பக் கவரில் வைத்தாள்.

12 அக்டோபர், ஞாயிறு

ரிசார்ட்டில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். சார் சொன்னார். வேண்டாக்கா ஒன்றரை மாதமாகத் தோப்புக்கு வருவதில்லை. நான் மட்டும் போகிறேன். ஐந்தடியில் நின்று, கண்ணை மூடி, நூறு அம்பு. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

18 ஜனவரி 2026, ஞாயிறு

வேண்டாக்கா வந்திருந்தாள். வாசலில் கூடை, அதன் மேல் தலைச்சுமைக்கு வைக்கிற சும்மாடு. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. ரோட்டோரத்தில் விற்கிறானே, அந்தக் கண்ணாடி.

நல்லா இருக்கியாக்கா என்றேன். "நல்லாக்கீறேன்" என்றாள், வில்லுக்கு நாண் ஏற்றிக்கொண்டே. மழையில் இரண்டு கட்டு அழுகிப்போய் ஒன்றுதான் மிச்சம். வேறு வழியில்லாமல் சார் எங்கள் இருவரையும் ஒன்றாக நிறுத்தினார்.

பத்து மீட்டர். செதில் இல்லை. மஞ்சளின் நடுவில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தது, அதை மட்டும் பார்த்தேன். முனை ஸ்டாண்டின் காலில், கண் கிழிசலில். மூன்று அம்பும் ஒரு கைப்பிடிக்குள் போய் நின்றன. இந்தப் பத்து மீட்டரில் என் ஆயுசுக்கும் நான் விட்ட நல்ல அம்புகள் இவைதான். யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது.

கட்டுக்குப் போனோம். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளுக்குக் கிட்டக் குனிந்து, நிதானமாகப் பார்த்தாள். "எனக்குப் பத்து, பத்து, ஒம்போது." அந்த ஒன்பது கோட்டுக்கு மயிரிழைதான் வெளியே. பத்து என்று சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். பிறகு என்னுடையதைப் பார்த்தாள். "உங்களுது மூணும் பத்து."

உங்களுது.

தன் மூன்று அம்பையும் ஒரே பிடியாகப் பிடுங்கினாள். நான் பழக்க தோஷத்தில், கை நீட்டாமல், அவள் என்னுடையதையும் பிடுங்குவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உங்க அம்ப நீங்களே எடுத்துக்குங்க, மேடம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.