கடல் கிழக்கில் இல்லாத தீவு

என் செல்ல அண்ணனுக்கு,

நலமா என்றெல்லாம் கேட்க இப்போது பொறுமை இல்லை. முதலில் இதைக் கேள். நம் கல் தீவு கிடைத்துவிட்டது.

போன வாரம் டோல்கேட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோ மாட்டிக்கொண்டது. சும்மா செல்போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். திடீரென்று அதில் வட்டமாக எட்டுத் தூண்கள், பின்னால் கடல், கடலின் மேல் செக்கச்செவேலென்று சூரியன். நம் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டைப் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறார்கள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்திலிருந்த மீன்கார அக்கா, "இன்னாம்மா, வூட்ல நல்ல சேதியா?" என்று கேட்டார். ஆமாக்கா என்றேன். பொய்யில்லையே?

பர்மா பஜாரில் நீ வாங்கி வந்த சிடியில் பெயர்கூட இல்லை, கல் தீவு என்று நாமே வைத்துக்கொண்டோம். துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து வந்தால் சட்டையைக்கூட மாற்றாமல் உட்காருவாய். சண்டை கிடையாது, ஆள் கிடையாது, புதிருக்கு மேல் புதிர். எல்லாக் கதவையும் திறந்துவிட்டுக் கடைசிக் கதவில் மாட்டிக்கொண்டோம். சூரியன் உதிக்கும் பக்கத்துத் தூணில் ஆரம்பித்து எட்டையும் சரியான வரிசையில் தொட வேண்டும். மாற்றி மாற்றித் தொட்டும் நடக்கவில்லை. "நம்ம மேல தப்பு இல்ல பாப்பா, கேம் செஞ்சவனுக்குத்தான் தெசை தெரில" என்று தீர்ப்புச் சொன்னாய். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், அந்தக் கதவுக்குப் பின்னால் என்னதான் இருக்கும் என்று கேட்டாயே. அது தெரியாமலே நீ போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டரில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அதே தூண்கள், அதே தோல்வி. குக்கர் விசிலடிக்க, அப்படியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தால் தீவு இருட்டிக் கிடக்கிறது. நம் சிடியில் அது அசையாத படம். புதியதில் சூரியன் நகர்கிறது அண்ணா. அது விடியலே இல்லை, அந்தி.

புரிகிறதா? ராயபுரத்தில் பிறந்த நமக்குக் கடல்மேல் சூரியன் நின்றால் அது காலைதான். வழி சொல்லும்போதுகூடக் கிழக்கு என்போமா? கடல் பக்கம் என்போம். அந்தத் தீவில் தூண்களுக்குப் பின்னால் தெரியும் கடல் மேற்கே இருக்கிறது, கிழக்கே மலை. எல்லாத் தூணையும் மாற்றிப் பார்த்த நாம், முதல் தூணை மட்டும் மாற்றவே இல்லை. மலைப் பக்கத்துத் தூணைத் தொட்டேன். விளக்குப் போல எரிந்தது. அடுத்தது, அதற்கடுத்தது, எட்டும் எரிந்தன. இனிக் கதவைத் தொட்டால் திறந்துவிடும்.

எனக்குக் கை வரவில்லை. நீயில்லாமல் அதை எப்படித் திறப்பது? நேராக மாடியிறங்கி அண்ணியிடம் போனேன். உன் கம்ப்யூட்டரைச் சக்களத்தி என்று திட்டுவாரே, அவரிடமேதான். கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்து முழுக் கதையையும் கேட்டார்.

"சூரியன் எங்க மொளைக்குதுன்னு தெரியாமத்தான் அண்ணனும் தங்கச்சியும் அத்தினி நாளு முழிச்சிகினு இருந்தீங்களா?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தொற பாப்பா. நீ தொறக்கலன்னா அவரு அந்த வாசல்லயே நின்னுகினு இருப்பாரு."

அவரையே திறக்கச் சொன்னேன். மவுஸ் பிடித்துப் பழக்கமில்லை, அவர் கைமேல் என் கையை வைத்துக்கொண்டேன். இரண்டு பேருமாக அழுத்தினோம்.

என்ன இருந்தது தெரியுமா? ஒரு படிக்கட்டு. கீழே ஒரு படகு. அதற்கப்பால் இன்னொரு தீவு, நம்முடையதைவிடப் பெரியது. அது கடைசிக் கதவே இல்லை அண்ணா. விளையாட்டில் பாதி இன்னும் மிச்சமிருக்கிறது. நீ பக்கத்தில் இல்லையே என்று அழுதேன். அண்ணியோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அழுததுல்லாம் போதும், படகுல ஏறு" என்கிறார்.

ஏறிவிட்டோம். இனி ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும்தான். எத்தனை கதவு வந்தாலும் அண்ணியை விட்டுவிட்டு ஒன்றைக்கூடத் திறக்கமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப் பிறந்த பாப்பா,
ரீட்டா