பேப்பருக்குப் பின்னால்

மகனே,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உடம்புக்கு வேறொன்றும் இல்லை. வாசல் பனியைப் பக்கத்து வீட்டு ரெய்னோ தள்ளிவிட்டுப் போகிறார்.

நேற்று அவரும் அவர் மனைவி ஹெல்மியும் கறி அடைத்துச் சுட்ட பேஸ்டி கொண்டு வந்தார்கள். பேச்செல்லாம் வெள்ளிக்கிழமை நீங்கள் இங்கே வந்து ஆட வேண்டிய ஐஸ் ஹாக்கிதான். ஓட்டெடுத்துப் போடும் தரவரிசையில் உங்கள் கல்லூரி எங்கள் ஊர்க் கல்லூரிக்கு மேலே போய்விட்டதாம்.

"ஓட்டுப் போட்டவனுங்கள்ல ஒருத்தனாவது நம்ம ஆட்டத்தப் பாத்திருப்பானா?" என்று ரெய்னோ கத்தினார்.

"பாத்ததாலதான் கீழ போட்டிருக்கான். பேசாம தின்னு" என்றாள் ஹெல்மி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ இங்கே விளையாட வரமாட்டேன் என்றதை அவர்களிடம் சொல்லவும் இல்லை.

அப்பாவைப் புதைத்த அன்று நீ சொன்னாய்: "எதிரி டீமுக்குப் போனதுலேர்ந்து அவருக்கு என்னப் பிடிக்கலம்மா. என் பேரச் சொன்னாலே பேப்பரத் தூக்கி மூஞ்சிய மறச்சுக்கிட்டாரு."

வெளியூர் அணியின் பெயர்களை வாசிக்கும்போது இங்கே எல்லோரும் அலட்சியமாகப் பேப்பர் படிப்பதுபோல் முகத்தை மறைப்பது வழக்கம்தானே. அவரும் மறைத்தார். இல்லை என்று சொல்லமாட்டேன்.

நீ பனித்தளத்திலிருந்து பார்த்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கிளம்பும் முன்பே அந்தப் பேப்பரில் கத்தரியால் ஒரு ஓட்டை வெட்டிக்கொள்வார். உன் பெயர் வரும்போது கண் அதில்தான் இருக்கும். மற்றவர்கள் மடித்து வைத்த பிறகும் அவர் இறக்கமாட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் இறக்குவார்.

வந்து விளையாடு, கண்ணு. ரெய்னோ என்ன சொன்னாலும் சரி, நான் பேப்பர் இல்லாமல்தான் வருவேன்.

உன் அம்மா