ஸ்பாட் வெல்டிங்கே போதும்

அண்ணா,

நீ தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. சோறும் குழம்பும் அடுப்பின் மேல் இருக்கின்றன. பட்டறைச் சாவியை நான் எடுத்துப் போகிறேன்.

பேக்கரிக்காரர் கேட்ட அலமாரிக்கு ஸ்பாட் வெல்டிங் போதும் என்று நேற்று சொன்னாய். "சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு சாக்கா? டிக் வெல்டிங்தான் பண்ணணும்" என்று அவர் எதிரிலேயே எரிந்து விழுந்தேன். நீ பதில் பேசாமல் வெல்டிங் டார்ச்சை எடுத்தாய். மெல்லிய ஸ்டீல் தகடு, ஓட்டை விழுந்துவிட்டது. அதற்கும் கத்தினேன்.

சாப்பிடும்போது டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாய். அப்படியும் தண்ணீர் சட்டையில் சிந்தியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்பாட் வெல்டிங்கில் மிதியை அமுக்கினால் மெஷினே தகடுகளைப் புள்ளி புள்ளியாக ஒட்டிவிடும். டிக் வெல்டிங்கில் டார்ச்சைக் கையில் பிடித்து விளிம்பு முழுக்க ஒட்டிக்கொண்டே போக வேண்டும், கை நடுங்கக் கூடாது. கூடப்பிறந்தவளிடமே இதைச் சொல்ல முடியாதபடி நான் நடந்திருக்கிறேன்.

பேக்கரிக்காரரிடம் நானே பேசுகிறேன். புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் என்ன, அலமாரியில் தண்ணீரா பிடித்து வைக்கப் போகிறார்? நீ சொன்னபடியே செய்வோம்.

மாலையில் டாக்டரிடம் போகிறோம். குளித்துத் தயாராக இரு.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: கோபமிருந்தால் வாய்விட்டுத் திட்டு. பேசாமல் மட்டும் இருக்காதே.